நான்காம் மாடியில் எல்லாம் சரி

என் தங்கை கல்லூரியில் தர்க்கவியல் நடத்துகிறாள். சோறு போடாத பாடம் என்று வீட்டில் அவளைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. அதிகம் செய்தது நான்தான். நான் தீப்பாதுகாப்பு ஆய்வாளர். பத்தொன்பது வருடத்தில் ஒரு பொய்க்குக் கீழேகூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அன்று ஒரு மகப்பேறு மருத்துவமனையின் புதுக் கட்டடத்தில் ஆய்வு. குறைமாதத்தில் பிறந்த பதினோரு குழந்தைகளை நாலு மணிக்கு நான்காம் மாடிக்கு மாற்ற வேண்டும். என் கையெழுத்துதான் பாக்கி. முன்பெல்லாம் ஒவ்வொரு ஸ்மோக் டிடெக்டருக்கும் ஒரு வரி எழுதி டிக் அடிப்போம். இப்போது அலுவலகத்தில் டேப்லெட் கொடுத்துவிட்டார்கள். அதுவே கருவிகளைச் சோதித்து மாடிக்கு ஒரு வரியில் முடிவு சொல்லிவிடும். 'நான்காம் மாடியில் உள்ள டிடெக்டர்கள் எல்லாம் வேலை செய்கின்றன: ஆம்.' நானும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். கூரையில் வரிசையாக வெள்ளை வெள்ளையாய் வட்ட மூடிகள் தெரிந்தன. பசி வேறு. இறங்கிவிட்டேன்.

கேன்டீனில் என்னோடு சாப்பிடத் தங்கை வந்திருந்தாள். திரையை எட்டிப் பார்த்தவள், "எத்தனை, அக்கா?" என்றாள்.

"எல்லாம்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"எல்லாம்னா எத்தனை?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் பொருட்படுத்தாமல், ஆறிப்போகிற சாப்பாட்டை வைத்துக்கொண்டு பாடமே நடத்தினாள். பழைய தர்க்கத்தில் 'எல்லாம்' என்றால் குறைந்தது ஒன்றாவது இருக்கிறது என்று அர்த்தமாம். இரண்டாயிரம் வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. பிறகு வாக்கியங்களைக் குறியீடுகளாக எழுத வந்தவர்கள் அந்த உத்தரவாதத்தைக் கழற்றிவிட்டார்கள். புதியதில் 'எல்லாம்' என்றால், அப்படி ஏதாவது இருந்தால் அது வேலை செய்யும் என்பது மட்டும்தான். இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

"நாலாவது மாடியில இருக்கிற யானையெல்லாம் பறக்கும்னு சொன்னாலும் சரிதான்க்கா. பொய்னு காட்டணும்னா, பறக்காத யானை ஒண்ணை அங்கிருந்து பிடிச்சுட்டு வரணும்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் அந்த மாடி முழுக்கத் தேடினேன். பறக்காத யானை ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடம் 'எல்லாம்' என்று எழுதியிருக்கிறேன், அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு பள்ளம் இருப்பது தெரியாமலே. பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. இதையா இவள் தினமும் கரும்பலகையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் காய் நறுக்குகிறாள்?

நான் பார்த்ததும் மூடிகளைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினோம். அங்கே வேலையில் இருந்த எலக்ட்ரீஷியன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறி ஒரு மூடியைத் திருகினேன். உள்ளே இரண்டு ஒயர்கள் தொங்கின. அடுத்த மூடியிலும் அதேதான். டிடெக்டர் இன்னும் வந்தே சேரவில்லை, ஓட்டை தெரியக் கூடாதென்று மூடி மட்டும் போட்டோம் என்றார் எலக்ட்ரீஷியன்.

ஏணியில் நின்றபடியே டேப்லெட்டில் மறுபடியும் சோதித்தேன். 'ஆம்' என்றது. அது பொய் சொல்லவில்லை. வேலை செய்யாத டிடெக்டரைத் தேடியிருக்கிறது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எனக்கு மெய்சிலிர்த்துப் போனது. ஒன்றுமே இல்லாத கூரையின் கீழே அத்தனை சுத்தமாக ஓர் உண்மை நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில்தான் பதினோரு குழந்தைகள் தூங்கப்போகின்றன.

மூன்றரைக்கு மருத்துவமனை மேலாளர் பேனாவோடு மாடிக்கே வந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"ரிப்போர்ட்ல ஏதாவது தப்பா இருக்கா மேடம்?"

"இல்ல சார். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

அவர் புரியாமல் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டேப்லெட்டை அணைத்துவிட்டு அவர் கையில் ஏணியைக் கொடுத்தேன்.

"ஏறி எண்ணிப் பாருங்க."