உள்ளே இருக்கிறவன்

கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தியதும் கீபோர்டுப் பெட்டிக்குள் இருந்த, அடிச்சுரம் போடும் பேஸ்காரன் வாசிக்கத் தொடங்கினான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவனைப் பார்த்த மாத்திரத்தில், இல்லை, கேட்ட மாத்திரத்தில் பிடிக்காமல் போயிற்று. கூடவே டிரம்ஸ் ஓடியது, ஒரு கிட்டார் கொசுறாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆகாதவன் பேஸ்காரன் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைப் பார்த்து வந்தவர் அவர். சம்பளம் கிடையாது, வீட்டு முன்னறையில், மனைவியின் இடது கைப் பக்கம், ஒரு முக்காலியில்.

"மேடம், இடது கையில சும்மா ஒரு கார்ட் பிடிங்க. மீதியை அது பாத்துக்கும்" என்றார் கடைக்காரர்.

மனைவி மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்தாள். பேஸ்காரன் அங்கே போனான். இன்னொன்று பிடித்தாள். அவள் விரல் இறங்கி முடிப்பதற்குள் அங்கேயும் போய் நின்றான். கூப்பிட்ட குரலுக்கு இப்படி ஓடி வருகிறவனை அவள் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. "அட" என்று சொல்லிச் சிரித்தாள். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருக்கிறவள். நாள் முழுக்க முகத்தில் எதையும் காட்டாமல் பிறர் பேச்சை எழுதிப் பழகியவள், சாட்சி திக்கினால் திக்கலையும் சேர்த்து எழுதுகிற ரகம். அவளிடமிருந்து ஒரு சிரிப்பு வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்று அவருக்குத்தான் தெரியும். இந்தப் பயல் வந்து அரை நிமிஷம் ஆகவில்லை.

ஒரு காலத்தில் அவர்கள் நாலு பேராக இருந்தார்கள். வார விடுமுறைகளில் ஹோட்டல் முகப்பில் ஃபங்க், ஜாஸ் என்று வாசித்தார்கள். வந்தவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு டிரம்ஸ்காரர் கப்பல் வேலைக்குப் போனார். கிட்டார்காரர் காப்பீட்டு முகவராகி, பார்க்கும்போதெல்லாம் பாலிசி எடுக்கச் சொன்னார். மிஞ்சிய இரண்டு பேரும் ஏற்கெனவே கல்யாணம் செய்துகொண்டிருந்ததால் குழு அதற்கு மேல் கலையவில்லை. தாளம் எதுவும் இல்லாத ஒரு பழைய கீபோர்டில் அவளும், பேஸ் கிட்டாரில் இவருமாகச் சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்களுக்குள் சண்டை வராது. வந்தாலும் அது சுதியைப் பற்றியதாக இருக்கும்.

கெடுத்தது அவருடைய போன். எங்கேயாவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும், பாட்டின் பாதியில் போன் அடிக்கும், அவர் கிட்டாரைச் சாய்த்துவிட்டுக் கிளம்புவார். ஆறு வாரத்துக்கு முன்னால் அப்படிப் போய்விட்டுத் திரும்பியபோது கீபோர்டின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"நான் ஒரு பாட்டை முழுசா வாசிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"உள்ள ஆளு மாட்டிக்கிட்டிருந்தாங்கம்மா."

"நானும் மாட்டிக்கிட்டுதான் இருக்கேன்."

அதன் பலன்தான் இன்று இந்தக் கடை. தானே பேஸ், தானே டிரம்ஸ், தானே கிட்டார் என்று எல்லாம் உள்ளே இருக்கிற அரேஞ்சர் கீபோர்டு ஒன்று வேண்டும் என்று அவள் முடிவுசெய்துவிட்டாள். தேர்ந்தெடுக்க அவரையும் கூட்டி வந்திருந்தாள். தன் இடத்துக்கு வரப்போகிறவனைத் தானே நேர்முகம் காணும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மூன்று கீபோர்டுகளை எடுத்து வைத்திருந்தார்கள். முதலாவதில் பேஸ்காரன் கட்டைக்காலோடு பிறந்தவன். ஃபங்க் என்றால் வாசிப்பதைவிட விடுகிற இடம்தான் முக்கியம். இவன் ஒரு இடத்தையும் விடாமல் மிதித்துக்கொண்டு போனான். மெக்கானிக்குக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. "வீட்டுக்கு இதுவே தாராளம். எடையும் கம்மி, கீயும் மெத்துனு இருக்கு" என்று தாராளமாகச் சிபாரிசு செய்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குறுக்கு விசாரணையில் பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிற கண்.

இரண்டாவது பரவாயில்லை. ஆனால் அவள் ஜாஸுக்கான ஐந்து சுரக் கார்ட் ஒன்றைப் பிடித்தபோது, அதில் இரண்டை விழுங்கிவிட்டுச் சாதாரண கார்ட் என்று நினைத்து வாசித்தது. "நான் சொன்னது ஒண்ணு, இது எழுதிக்கிட்டது ஒண்ணு" என்று சொல்லி அவள் எழுந்துகொண்டாள்.

மூன்றாவதுதான் இப்போது வாசித்துக்கொண்டிருந்தது, அவளைச் சிரிக்க வைத்தவன் இவன்தான். அவள் அவர்களுடைய பாட்டையே எடுத்தாள். பெயர் வைக்காத பாட்டு. ஹோட்டல் நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய ஃபங்க். நாலாவது சுற்றின் முடிவில் பேஸ் கீழிருந்து ஒரு சுரத்தில் வந்து இறங்க வேண்டும். மெக்கானிக்கின் மோதிர விரலை வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லிஃப்ட் கதவு கடித்துவிட்டது. அன்றிலிருந்து அது முழுதாக மடங்காது. அந்தச் சுரத்தை அவர் எட்டிப் பிடிக்க மாட்டார், ஒரு கட்டை கீழே வைத்து வழுக்கிக்கொண்டு வந்து சேருவார், அரைத் தாளம் தாமதமாக. முதல் வருஷம் முழுக்க அதற்காகச் சண்டை போட்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். உள்ளே இருக்கிறவனுக்கு விரலே இல்லை, ஆகையால் ஊனமும் இல்லை. டாண் என்று நேரத்துக்கு வந்து நின்றான்.

அந்த இடத்தில் அவளுடைய வலது கை தடுமாறியது.

"மேடம், அங்க மட்டும் கொஞ்சம் லேட்டாகுறீங்க" என்றார் கடைக்காரர்.

மறு சுற்றிலும் தடுமாறினாள். மெக்கானிக்குக்கு அற்பச் சந்தோஷம் ஒன்று வந்து போனது. நல்ல பேஸ்காரனோடு வாசிக்க உனக்கும்தான் வராது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே, "ரொம்ப கனமா இருக்கே. நாலாவது மாடிக்கு எப்படிக் கொண்டுபோறது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்ல லிஃப்ட் இருக்குங்க. அதைப் பாத்துக்கிறதே நீங்கதான்" என்றாள் அவள். கடைக்காரர் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். மூன்றாவதையே கட்டச் சொன்னாள்.

பெட்டி வந்த முதல் வாரத்தில் அவள் பாட்டுகளை முழுதாக வாசித்தாள். ஒன்று முடிந்து, இன்னொன்று முடிந்து, அதற்கப்புறமும் ஒன்று. அவர் எண்ணெய்க் கையோடு வேலையிலிருந்து திரும்பும்போது மூன்றாவது மாடியிலேயே முழுக் கச்சேரி கேட்கும். உள்ளே போனால், திரும்பிப் பார்க்காமலே "சாப்பாடு மேசையில இருக்கு" என்பாள். அவர் சாப்பிடுவார். உள்ளே இருக்கிறவன் ஜாஸில் நடை போடுவான், படி ஏறுவான், இறங்குவான். மூச்சு வாங்காது, விரல் மரத்துப்போகாது, போன் வராது. மறுபடி முதலிலிருந்து போகலாம் என்று ஒருநாளும் சொல்லமாட்டான். புது மருமகன் மாதிரி நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறான் என்று அவர் பொருமினார்.

கொழுந்தியாள் ஒரு நாள் வந்து, கேட்டுவிட்டு, வேண்டுமென்றே சொன்னதோ தெரியாமல் சொன்னதோ, "இப்பதான் அக்கா வாசிக்கிறதே காதுல விழுது. இனிமே நீங்க நிம்மதியா டீ குடிக்கலாம் அத்தான்" என்றாள். அன்றைக்கு அவர் டீயைத் தொடவில்லை.

வீம்புக்காக அடுத்த நாள் கிட்டாரை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேஸும் மோதிக்கொண்டு, ஒரே வாசலில் இரண்டு பேர் நுழையப் பார்த்த கதையாயிற்று. "ரெண்டும் இடிக்குது" என்று சொல்லி அவள் பொத்தான்களின் பக்கம் கையை நீட்டினாள். எதை அணைப்பதற்காக நீட்டினாள் என்று பார்க்க அவர் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கிட்டாரைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டார். மாட்டியதுதான், அப்புறம் அவரும் இறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, அந்தக் கீபோர்டின் கையேட்டைப் போனில் பக்கம் பக்கமாகப் படித்தார். பள்ளிக்கூடத்தில்கூட எதையும் அவ்வளவு கவனமாகப் படித்தவரில்லை. கீழே, லிஃப்ட் கூண்டுக்கு ஈடாக மறுமுனையில் தொங்கும் எதிர்எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லிஃப்டில் போகிறவர்கள் யாரும் அதை நினைப்பதில்லை. அது இல்லையென்றால் தெரியும். அப்படித் தெரியட்டும் என்றுதான் அவர் நினைத்தார்.

தனக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில், அவள் நீதிமன்றத்துக்குப் போனதும், அவள் சேமித்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். நாலு ஃபங்க், நாலு ஜாஸ். ஒவ்வொன்றிலும் பேஸை மட்டும் அணைத்து, அப்படியே சேமித்தார். சின்னப் பிள்ளைத்தனம் என்று தெரியாமல் செய்யவில்லை. பிளக் வைத்த எந்தச் சாமான் பழுதானாலும் அவள் "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட்டதும் அவர் முகத்தை ஒன்றும் தெரியாதது போல வைத்துக்கொண்டு, திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "இதெல்லாம் மெஷின்மா, இப்படித்தான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, கொக்கியிலிருந்து கிட்டாரை இறக்குவார். கண்ணாடி முன் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டார்.

அவள் கூப்பிடவில்லை. முதல் நாள் சாயங்காலம் டிரம்ஸும் கிட்டாரும் மட்டும் அடியில்லாத பானை மாதிரி ஓடின. அவள் அதையே வைத்து வாசித்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். பேஸ் போனதே அவளுக்குத் தெரியவில்லையா? அந்த எண்ணம் பொறாமையைவிட மோசமாக இருந்தது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான் என்றால், இந்த இருபத்திரண்டு வருஷம் அவர் அந்த முக்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்தார்? மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சுற்றி வளைத்து, கீபோர்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். "இருக்கு" என்றாள்.

ஐந்தாம் நாள் வேலை சீக்கிரம் முடிந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போதே பேஸ் கேட்டது. கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள், அவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தார். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பிக் கதவைத் திறந்தார்.

டிரம்ஸ் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டாரையும் அணைத்திருந்தாள். பேஸ் அவளுடைய இடது கையிலிருந்து வந்தது. சுண்டுவிரலும் கட்டைவிரலும் கீழ்க் கட்டைகளில் ஒன்று மாற்றி ஒன்று இறங்கின, விட வேண்டிய இடத்தில் விட்டன. இனி மெஷின்கூட வேண்டாம், கையே போதும் என்கிற மாதிரி. பெட்டியின் மேல் இருந்த பொறாமை அந்தக் கையின் மேல் தாவியது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கை. அவர் வாசித்த ஒவ்வொன்றையும் களவாடி வைத்திருந்தது.

அந்தப் பெயர் வைக்காத பாட்டு நாலாவது சுற்றின் முடிவுக்கு வந்தது. அவளுடைய விரல்கள் பத்தும் நன்றாக மடங்கும். அந்தச் சுரம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை நேரே தொடவில்லை. ஒரு கட்டை கீழே வைத்து, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு, அரைத் தாளம் தாமதமாக வந்து சேர்ந்தாள். வலது கை அதற்காகக் காத்திருந்து, தடுமாறாமல் சேர்ந்துகொண்டது.

மெக்கானிக் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"பேஸ் வரலையே, கவனிச்சியா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் இதைத் தான் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

"முதல் நாளே." அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. "எட்டுலயும் ஒரே மாதிரி நின்னா அது ரிப்பேர் இல்லைங்க. யாரோ பொறுமையா உக்காந்து செஞ்சது."

"திருப்பிப் போட்டிருக்கலாமே" என்றார் மெல்ல.

"போட்டுப் பாத்தேன். அது முந்திக்கிட்டு வருது. எனக்கு ஒத்துவரல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிரம்ஸ் இரண்டாவது முறையாகப் பாட்டின் தொடக்கத்துக்கு வந்தது. அவர் கொக்கியிலிருந்து கிட்டாரை இறக்கினார். கம்பிகளில் தூசி படிந்து விரலில் ஒட்டியது. முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, அவளுடைய இடது கைப் பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர வாசிக்க இடம் இல்லை. அவர் விரல் வைக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கை முன்பே போய் உட்கார்ந்திருந்தது. விலகு என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் சுற்று போயிற்று, இரண்டாவது போயிற்று. வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்கும் விருந்தாளியாக இருந்தார்.

மூன்றாவது சுற்று முடியும்போது அவளுடைய இடது கை கட்டைகளைவிட்டு எழுந்தது. மடியில் இறங்கவில்லை. கட்டைகளுக்கு ஓர் அங்குலம் மேலே, விரல்கள் விரிந்தபடி, அந்தரத்தில் நின்றது. வலது கை தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. நாலாவது சுற்று தொடங்கி, அதன் முடிவும் நெருங்கியது. மடங்காத விரலை அவர் அந்தச் சுரத்துக்கு ஒரு கட்டை கீழே கொண்டுபோய் வைத்தபோது, சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தூக்கிய கை அப்படியே நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.