வடிகட்டிய மிச்சம்

1964-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செஞ்சி மலைக்குளத்தில் படகு விடும் விழாவுக்கு வந்திருந்தவர்கள்: குடிநீர்க் கமிட்டித் தலைவர் தாண்டவராயன், அவர் மைத்துனர்கள் மூன்று பேர், ஓவர்சீயர் கோதண்டராமன், படகோட்டி சாந்த் பாஷா, இரவுக் காவல் முடிந்தும் வீட்டுக்கு விடப்படாத நான். மருதேவியம்மாவை யாரும் அழைக்கவில்லை.

ஊருக்குக் குழாய்த் தண்ணீர் போவது இந்தக் குளத்திலிருந்துதான். ‘குடிநீர். கால் நனைக்கக் கூடாது’ என்ற பலகைக்குக் கீழே மைத்துனர்கள் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குடிக்க அடிவாரத்திலிருந்து சோடா வந்திருந்தது.

மருதேவியம்மா சமணர். குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். துணியில் தங்கும் சிற்றுயிர்களை அவை வந்த நீரிலேயே திரும்ப விட வேண்டும். விட்ட பிறகுதான் அன்றைக்கு முதல் வாய் தண்ணீர். தினமும் விடிந்ததும் அவர் சொம்போடு வருவார்; நான் குளத்துக் கதவைத் திறந்துவிடுவேன். அன்று ஓவர்சீயர் மறித்துக்கொண்டார்.

“இன்னாம்மா சொம்புல?”

“இந்தக் கொளத்துத் தண்ணிதான். வடிகட்டின மிச்சம்.”

“மிச்சம்னா?”

“உசுருங்க.”

“குடிதண்ணில புழுவக் கொட்ட வந்தியா?”

“நான் எங்க கொட்றேன்? நீங்க அனுப்பினதத் திருப்பித் தர்றேன்.”

ஓவர்சீயர் தலைவர் பக்கம் பார்த்தார். தண்ணீர் சுத்தம் என்று போன வாரம்தான் ஓவர்சீயர் கையெழுத்துப் போட்டிருந்தார். “படகு டிக்கெட் இல்லாம யாரும் தண்ணிகிட்ட போகக்கூடாது.”

“நாலணாதாம்மா,” என்றார் சாந்த் பாஷா. “டிக்கெட் வாங்கினா உல்லாசம், வாங்காட்டி அசுத்தம். ஏறுங்க.”

மருதேவியம்மாவிடம் காசில்லை. நான் கொடுத்தேன். புண்ணியத்துக்காக இல்லை. எனக்கு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும்.

நடுக்குளத்தில் அவர் சொம்பை நீர்மட்டம் வரை இறக்கி, உயிர்களுக்கு அடிபடாமல் மெல்லச் சாய்த்தார். கரையில் தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“கங்கா பூஜையா? நல்ல ஏற்பாடுய்யா, ஓவர்சீயர்.”

ஓவர்சீயரும் கும்பிட்டார்.

கரையேறியதும் மருதேவியம்மா கேட்டார்: “நாளைக்கும் டிக்கெட் வாங்கணுமா?”

“நாளைக்குப் படகு கெடையாது,” என்றார் ஓவர்சீயர். “ஞாயித்துக்கெழம மட்டுந்தான்.”

“அப்ப மத்த நாள்ல நான் இன்னா குடிக்கிறது?”

“ஊரே அப்படியே குடிக்குது. நீயும் குடி.”

என் பக்கம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். மருதேவியம்மா காலிச் சொம்போடு வெளியே போனார். ஓவர்சீயரே கதவைச் சாத்திப் பூட்டினார்.