தொட்டில் படம்

"மறுபடியும் அதே கதைதான் சார். சுத்திக்கிட்டே இருக்கு, அப்புறம் இணைப்பு கிடைக்கலைங்குது."

ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் சாய்த்துப் பிடித்த போன். ஒற்றைக் கையால் கடவுச்சொல்லை மீண்டும் அடித்தாள். மரச்சாமான் கடைக்காரரின் வலைத்தளக் கோப்புகள் மதியத்துக்குள் சர்வரில் ஏறியாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அரைமனதாகச் சம்மதித்த முதலாளி, இன்னொரு முறை தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

போனில் இருந்த, சர்வரை நடத்தும் ஹோஸ்டிங் கம்பெனியின் உதவியாளர் பொறுமைசாலி. பேஸிவ் மோடு, போர்ட், ஃபயர்வால் என்று இணைப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"அம்மா, உங்க வீட்டு லைனை மட்டும் சர்வர் தடுக்குது. தானா விழுந்த தடை இல்ல. உங்க ஆபீஸ் கணக்குலேருந்து நேத்து சாயங்காலம் யாரோ போட்டிருக்காங்க. போன் டேட்டாவுல முயற்சி பண்ணிப் பாருங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்வரில் ஆபீஸின் கணக்கைப் பார்த்துக்கொள்பவள், ஆபீஸில் எல்லோரும் 'சின்னவள்' என்று கூப்பிடும் இளையவள். கெஞ்சிக் கூத்தாடி அவளை வேலையில் சேர்த்துவிட்டது இவள்தான். முன்பொரு நாள் இணைப்பு வராதபோது வீட்டு லைனின் ஐபி எண்ணை அவளிடம் கொடுத்ததும், நேற்று "ஒரு பார்வை பார்த்துடுடி" என்று மொத்தக் கோப்புகளையும் அனுப்பியதும் இவளேதான்.

சின்னவளைக் கூப்பிட்டாள்.

"அய்யோ அக்கா, உங்க வீட்டு லைன் எப்பவும் மக்கர்தானே? நீங்க குழந்தையைப் பாருங்க. முதலாளிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"என்னத்தடி சொல்லுவ?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. அடிப்பாவி, ஒரே டப்பாவில் சாப்பிட்டவளாயிற்றே!

போன் டேட்டாவில் முயன்றாள். உடனே இணைப்பு கிடைத்தது. கோப்புகளை இழுத்துவிட்டதும் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. 'இதே பெயரில் கோப்புகள் ஏற்கெனவே உள்ளன. மாற்றவா?'

பதறிப்போய் வலைத்தளத்தைத் திறந்தாள். அவள் செய்த பக்கங்கள் ஒன்றுவிடாமல் ஏறியிருந்தன. அடியில், வடிவமைத்தவர் என்ற இடத்தில் சின்னவளின் பெயர். அதற்குள் முதலாளியின் செய்தியும் வந்தது. 'சின்னவ நேத்தே முடிச்சிட்டா. கடைக்காரருக்கு ரொம்பத் திருப்தி. நீங்க இனிமே வீட்டையே பார்த்துக்கோங்க.'

கடைக்காரர் படம் தரத் தாமதித்ததால், அவரிடம் வாங்கிய தன் வீட்டுத் தொட்டிலையே படமெடுத்துப் போட்டிருந்தாள். அதுவும் அங்கே இருந்தது. ஜன்னலோரம் தொட்டில், அதன் விளிம்பில் ஒரு மஞ்சள் துணி.

தோளில் கிடந்த குழந்தை அதே மஞ்சள் துணியைச் சப்பிக்கொண்டிருந்தது.