ஆற்றைக் கடந்த பெயர்

வினாயகமூர்த்தியின் குரல் புடவைக்கடைக் குரல். மட்டக்களப்பு டவுனில் கடையொன்றில் வருடக்கணக்காக நின்று, "வாங்க, இருங்க, இந்தக் கரை உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று பெண்களிடம் பக்குவமாகப் பேசிப் பேசி, தொண்டையே பட்டுச் சேலை மாதிரி வழவழத்துப் போயிருந்தது. சண்டை வந்தது, கடை மூடியது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? ஆனை விரட்டப் போகிறேன் என்று வந்து நின்றான் மனுசன்.

ஆச்சிப்பிள்ளை கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவன் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்க, முத்தத்தில காயுற நெல்லைக் கோழி திண்டா, அதை விரட்டவே என்னைத்தானே கூப்பிடுறீங்க."

"கோழி வேற, ஆனை வேற" என்றான் அவன். அதுவும் மெல்லத்தான்.

நிலச்சொந்தக்காரர் இராசதுரைப் போடியாரின் வயல், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலையும் தாண்டி, கடைசி வயல்வட்டையில் இருந்தது. அதற்கு மேற்கே காடு, காட்டுக்குள்ளே ஆனை. மாரி போகத்துக்கு விதைத்த நாள் தொட்டு அறுப்பு முடியும்வரை பரணிலேயே கிடந்து காவல் பார்க்க ஆள் வேண்டும். முன்பெல்லாம் காவல்காரனிடம் துவக்கு இருக்கும், ஆனை வெடி இருக்கும். துவக்கையெல்லாம் ஆமி வாங்கிக்கொண்டு போய்விட்டது. வெடியோடு பிடிபட்டவன் எந்தக் காம்பில் இருக்கிறான் என்று தேடித் திரிய வேண்டும். ஆக, மிச்சம் இருந்தது தொண்டை ஒன்றுதான்.

அதுதான் ஆச்சிப்பிள்ளைக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஒரு பரணுக்கும் அடுத்த பரணுக்கும் நடுவே பெரிய வெளி கிடக்கும். இங்கே ஒருத்தன் கூப்பிட்டால் அங்கே ஒருத்தன் பதில் கொடுப்பான். ஆனை வந்தாலும் பாம்பு கொத்தினாலும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓடி வருவார்கள். குரல் எட்டாதவனிடம் விடிந்த பிறகுதான் வருவார்கள். விடிந்த பிறகு வந்து என்ன பிரயோசனம்? தன் புருசன் ஆனைக்கு முன்னால் நின்று, "வாங்க, இருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதை அவள் கண்ணை மூடாமலே கண்டாள்.

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. போடியார் புது ஆளைச் சும்மா எடுக்கமாட்டார். ஆள் இக்கரையில் நின்று கூப்பிட வேண்டும். போடியார் தோணியை நடு ஆற்றில் நிறுத்தி, மடித்த குடையோடு இருப்பார். குரல் கேட்டால் குடை விரியும். கேட்காவிட்டால் தோணி வந்த வழியே திரும்பிவிடும். வருகிற வெள்ளி காலையில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். குடை விரியக்கூடாது என்று அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

அவள் பிள்ளையார் என்றுதான் சொல்வாள். விநாயகர் என்று மறந்தும் சொல்லமாட்டாள், அதற்குள் புருசன் பேர் இருக்கிறதே. பேரைச் சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய தாய் சொல்லி வளர்த்திருந்தாள். இதனால் பட்ட பாடு கொஞ்சமா? போன ஆவணியில் துறையடிச் சென்றியில், ஆமியின் காவலரணில், ஒரு ஆமிக்காரன் அவளை மறித்து, "புருசன் பேர் என்ன?" என்று கேட்டான். அவள் பிள்ளையார் கோயில் பக்கம் கையை நீட்டி, "அங்க இருக்கிறார்தானே, அவர்தான்" என்றாள். புருசன் கோயிலுக்குள் ஒளித்திருக்கிறான் என்று அவர்கள் ஓடிப்போய், பூசைக்கு மணியெடுத்துக்கொண்டிருந்த பூசாரியைக் கையும் மணியுமாகக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்திவிட்டார்கள். விசயம் விளங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பூசாரி இன்றைக்கும் அவளுக்குத் திருநீறு கொடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"ஒரு பேரைச் சொன்னா வாய் வெந்தா போகும்?" என்று அன்றைக்கு வினாயகமூர்த்தி கேட்டான்.

"வாய் என்டது. ஆயுசு உங்கடது" என்றாள் அவள்.

சரி, காவலுக்கு ஆயத்தம் தொடங்கியது. பன்பாய், சோத்துப்பானை, கருவாடு, மிளகாய்த்தூள், குப்பி விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. டோர்ச் இருந்தது, பற்றரி விற்க ஆமி தடை போட்டிருந்தது. அதையும் அழகுக்குக் கட்டி வைத்தான். குரலுக்குத்தான் வழி தெரியவில்லை. பக்கத்து வளவுச் சீனித்தம்பியிடம் போய்க் கேட்டான். சீனித்தம்பி இரண்டு மாரி காவலிருந்தவன். அடுத்தவனை ஆட்டி வைத்துப் பார்ப்பதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"மச்சான், குரல் எண்டா நெல்லு மாதிரி. சேத்து வைச்சாத்தான் அள்ளலாம். வெள்ளி வரைக்கும் ஒரு சொல்லு பேசாத" என்றான்.

வினாயகமூர்த்தி நம்பினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கைச்சாடையில் திரிந்தான். ஆச்சிப்பிள்ளைக்கு இப்படியொரு வாய்ப்பு எப்போது கிடைக்கப் போகிறது? கலியாண வீட்டில் அவனுடைய பெரியம்மா பேசிய பேச்சிலிருந்து நேற்று உடைந்த சட்டி வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்து ஆறுதலாக ஏசி முடித்தாள். அவன் கையை விரித்தான், நெற்றியில் அடித்தான், கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டான். அவள் வேண்டுமென்றே சோற்றில் உப்புப் போடாமல் வைத்தாள். அவன் உப்புக்குச் சாடை தெரியாமல் அப்படியே விழுங்கினான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்போடு பாவமும் வந்தது. அடுத்த பிடிக்கு அவளே உப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழன் பின்னேரம் சீனித்தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து இன்னொன்றும் சொன்னான்.

"மச்சான், கரையில நிண்டு கூப்பிடாத. தண்ணிக்குள்ள முழங்காலளவில நில்லு. குரல் தண்ணிக்கு மேல வழுக்கிக்கொண்டு போகும்."

வெள்ளி விடிந்தது. கரையில் சீனித்தம்பியோடு இன்னும் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். சென்றியிலிருந்த ஆமிக்காரனும் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சிப்பிள்ளை கண்டல் மரங்களுக்குப் பின்னால் நின்றாள். போடியாரின் தோணி நடு ஆற்றில் வந்து நின்றது. குடை மடியில் கிடந்தது.

வினாயகமூர்த்தி முழங்காலளவில் இறங்கி, கையைக் குவித்து, சேர்த்து வைத்திருந்த குரலையெல்லாம் ஒன்றாக எடுத்து, "ஓ... ஹோ" என்றான். பக்கத்தில் நின்ற கொக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குடை அசையவில்லை. பிள்ளையாரே, நீ இருக்கிறாய் என்று ஆச்சிப்பிள்ளை கும்பிட்டாள்.

அவன் யோசித்தான். முழங்காலளவுக்குக் குரல் வழுக்குமென்றால் இடுப்பளவுக்கு இன்னும் வழுக்கத்தானே வேண்டும்? இடுப்பளவுக்குப் போனான். "ஓ... ஹோ." குடை அசையவில்லை. நெஞ்சளவுக்குப் போனான். கரையில் சிரிப்பு எழுந்தது. "வாங்க, இருங்க எண்டு கூப்பிடு மச்சான்" என்று யாரோ கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்தபோது அந்த முகத்தை ஆச்சிப்பிள்ளை கண்டாள். கடை மூடின நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தபோது இருந்த அதே முகம். அவளுக்குத் தேங்காய் நேர்ந்தது பிழையோ என்றிருந்தது.

கழுத்தளவுக்குப் போனான். தோணி ஓடும் பள்ளம் அங்கேதான் தொடங்குகிறது. டவுனில் நின்ற மனுசனுக்கு அது தெரியாது. நீந்தவும் தெரியாது. இன்னொரு அடி வைத்தான், ஆளைக் காணவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் மிதந்தது.

கரையில் சிரிப்பு நின்றது. ஒருவரும் அசையவில்லை. ஆச்சிப்பிள்ளைக்கு ஆயுசும் நினைவில்லை, தாயும் நினைவில்லை.

"வினாயகமூர்த்தீ..."

கண்டல் மரத்துக் காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன. சென்றிக்காரன் துவக்கை எடுத்துக்கொண்டு துள்ளி எழும்பினான். அக்கரையில் மாடு மேய்த்தவன் திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். நடு ஆற்றில், போடியாரின் கை பழக்கதோசத்தில் குடையை விரித்துவிட்டது. விரித்த குடையோடேயே, "ஊண்டுடா, ஊண்டு" என்று தோணிக்காரனை விரட்டிக்கொண்டு வந்து, மேலே வந்த தலைமயிரை எட்டிப் பிடித்தார்.

கரையில் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. ஆச்சிப்பிள்ளை அவன் முதுகில் தட்டினாள், பிறகு குத்தினாள், பிறகு ஓவென்று அழுதாள். "பயந்துபோனன், நான் பயந்துபோனன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சீனித்தம்பி மெல்ல நழுவப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் நின்ற இடத்திலேயே நின்றான்.

போடியார் குடையை மடித்தார். "கூப்பிட்டது ஆரு?"

"நான்தான் போடியார்" என்றான் வினாயகமூர்த்தி, இருமலுக்கு நடுவே. புடவைக்கடையில் நின்றவனுக்கு, கேட்டு வந்த சரக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

"நீ தண்ணிக்குள்ள கிடந்தாய். உன்ட பேரை நீயே கூப்பிட்டியா?"

கரை முழுக்க ஆச்சிப்பிள்ளையைப் பார்த்தது. அப்போதுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொத்தாத புள்ள. இந்தக் குரலுக்கு ஆனை மகாவலியையும் கடந்து ஓடும்" என்றார் போடியார். "காவலுக்கு நீ வா. பரண் ரெண்டு பேருக்குத் தாங்கும். இவனும் வரட்டும், சோறாக்க ஆள் வேணும்தானே."

"தனிய விடமாட்டன்" என்றாள் அவள், இன்னும் அழுதுகொண்டே. யார் யாரைத் தனியே விடமாட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புறப்பட்ட அன்று சாமான்களோடு துறையடிக்குப் போனார்கள். தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் பிள்ளையாருக்கே உடைத்துவிட்டு வந்திருந்தாள். சென்றியில் அதே ஆமிக்காரன். இவளைக் கண்டதும் கையை உயர்த்தினான்.

"பேர் கேக்க மாட்டன். தெரியும், தெரியும். போ."

தோணி தள்ளிப் போனதும் வினாயகமூர்த்தி மனைவி பக்கம் சரிந்தான். "அப்ப, இனி என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவியா?"

"வீட்டில சொல்லமாட்டன். காட்டில ஆனைக்கு மட்டும் சொல்லுவன்." தோணி ஓரத்தால் கையை விட்டுத் தண்ணீரை அளைந்தாள். "நான் பரணில இருந்து கூப்பிட்டா, நீங்க எங்க நிண்டாலும் ஓம் எண்டு சொல்லோணும். அது போதும்."

"என்ட குரல் கேக்காதே."

"எனக்குக் கேக்கும்."

அவன் சிரித்தான். "ஓம்" என்றான். அந்தப் புடவைக்கடைக் குரலில்தான் சொன்னான். பின்னால் நின்று ஊன்றிக்கொண்டிருந்த தோணிக்காரனுக்கு அது கேட்கவில்லை.