வெல்டருக்குத் திரும்பி வந்த அடிகள்

வெல்டர் குடியை நிறுத்திய மூன்றாம் நாள், காலை ஒன்பதரை மணிக்கு, வேறு யாருமில்லாத சமையலறையில் அவன் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. கதவு உள்தாழ் போட்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து விலாவில் விழுந்த உதையை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாணமான புதிதில், சாப்பாடு ஆறிப்போனதற்காக இதே இடத்தில் மனைவியை அவன் உதைத்த உதை அது. முனையில் இரும்பு வைத்த பட்டறை பூட்ஸின் அழுத்தம்கூட மாறவில்லை. பதினோரு வருடம் அவன் கொடுத்ததெல்லாம் வரிசை தப்பாமல் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் கை பலத்துக்குப் பேர்போனவன் அவன். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்ததால் அவள் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஐந்தாம் நாள் வலி தாங்காமல் ஒரு குவார்ட்டர் வாங்கிக் குடித்தான். அடி நின்றுவிட்டது. மறுநாள் மதியம் மைத்துனன் வந்து வாசலிலேயே அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான். அது சாதாரணக் குத்துதான். கண்ணுக்குத் தெரிகிற ஆளிடமிருந்து வந்தது.

"நேத்து குடிச்சீங்களா மாமா?"

"ஆமா."

"ஆறு மணியிலேர்ந்து அக்கா மேல அடி விழுது. பக்கத்துல நான் நிக்கிறேன், பாப்பா நிக்குது, அடிக்கிற ஆளைக் காணோம். அவ விரலு ஒடிஞ்சு போச்சு. இனி ஒரு சொட்டு உள்ள போச்சு, நானே வந்து கொன்னுடுவேன்."

அவன் வாங்காத அடி முதலில் விழுந்த உடம்புக்கே போய்விடும் என்பது ஊருக்கு அப்படித்தான் தெரியவந்தது. அன்று மாலையே மறுபடி விழத் தொடங்கிய அடியில் கிழிந்த அவன் தலைக்குத் தையல் போட்ட நர்ஸ், தனியாக இருந்தால் மறுபடி குடித்துவிடுவான் என்றும், குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்துக்குப் பின்னால் நடப்பதாகக் கேள்வி என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் பின்னால் பூட்டிய கொட்டகைதான் இருந்தது. எதிர் சைக்கிள் கடைக்காரர் அச்சகத்து மாடியைக் காட்டினார். அச்சகத்தார், அது போன வருஷக் கதை, வாடகை கட்டுப்படியாகாமல் இப்போது சாராயக்கடை மாடிக்கே போய்விட்டார்கள் என்று சிரித்தார். அங்கே போய்ச் சேர்வதற்குள் தெருவில் வைத்து இரண்டு பல் போயிற்று. கடை வாசலில் இரும்புக்குழாய் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல், தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது. ஒருவன் இரக்கப்பட்டு கிளாஸோடு வெளியே வந்து, "ஒரு வாய் போடுண்ணே, எல்லாம் நின்னுடும்" என்றான். நின்றுவிடும் என்று வெல்டருக்கும் தெரியும். கிளாஸைக் கையில் வாங்கிவிட்டான். மைத்துனன் வீட்டில் அவள் இந்நேரம் ஒடிந்த விரலோடு துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைப்பு வந்தது. கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு, பத்தொன்பது படிகளையும் ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்தே ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஓர் உதை விழுந்தது.

மேலே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நடத்திய பழைய பஸ் கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்து, "குடிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப உக்காருங்க தம்பி" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே ஒரு டீச்சருக்கு வாயைத் திறந்தால் கண்ணாடித் துண்டுகள் விழும். அதற்கென்று மூலையில் விளக்குமாறு வைத்திருந்தார்கள்.

நான்கு வருடம் அவன் ஒரு ஞாயிறும் தவறவில்லை. விழுகிற அடியில் நாற்காலிகள் உடைந்துகொண்டே இருந்ததால் தனக்கென்று இரும்பில் ஒன்று செய்து தரையோடு பற்றவைத்துக்கொண்டான். வாங்கியது எந்த வருடத்து அடி, எதற்காகக் கொடுத்தது என்று சொல்வான். "பொண்ணு மேல மட்டும் நான் கை வச்சதில்ல" என்று முடிப்பான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மனைவி திரும்பி வரவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, அந்த வாக்கியத்தைச் சொல்லி வாய் மூடுவதற்குள் இடது காதில் திறந்த கையால் ஓர் அறை விழுந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்தது. எவ்வளவு யோசித்தும் அதை மட்டும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள், மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போய், இடது காதில் எப்போது அடித்தேன் என்று வாசலில் நின்று கேட்டான். அவள் ஒரு படுக்கை விரிப்பை நிதானமாக மடித்து முடித்தாள்.

"அங்க நீங்க என்னை அடிச்சதில்ல" என்றாள். "பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. டிவி முன்னாடி நின்னுச்சுன்னு அடிச்சீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அவளுக்கு அந்தக் காது இன்னிக்கு வரைக்கும் சரியா கேக்காது."

அடுத்த ஞாயிறு வெல்டர் எழுந்து நின்று, நான்கு வருடமாகத் தான் சொல்லிவந்தது பொய் என்றான். மகளை அடித்திருக்கிறேன் என்றான். கண்டக்டர் ஈரத்துணியைக் கொடுத்து உட்காரச் சொன்னார். உட்கார்வதற்குள் இன்னொன்று விழுந்தது, அதே காதில், அதே கையால். அவன் கண்ணை மூடி வாங்கிக்கொண்டான். பக்கத்து நாற்காலிக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். டீச்சர் பேசத் தொடங்கினார்.