ஸ்டிரரை எடுத்த நாள்

ஆய்வுக்கூடத்தில் அந்தக் கண்ணாடிக் கலத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர். என் மனைவி வைத்தது. "ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்திருக்கான். நாமதான் விழுந்து விழுந்து கவனிக்கறோம்" என்பாள்.

கனநீருக்குள் ஒரு பல்லேடியம் கம்பி. மின்சாரம் கொடுத்தால், சாதாரணச் சூட்டிலேயே அணுக்கள் ஒன்றுசேரும் குளிர் இணைவு நடந்து, கொடுத்ததைவிட அதிக வெப்பம் வருமா என்பது கேள்வி. வருகிறது என்றாள் அவள். இல்லை என்றேன் நான். நான் அடுத்த கட்டடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறவன். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வீட்டுச் சமையலறையிலும் இதே சண்டை.

அவள் இறந்து இரண்டு மாதம். அறிக்கையை முடிக்க வேண்டும் என்று துறைத் தலைவர் கூப்பிட்டிருந்தார். அதிக வெப்பம் உண்மையா, அளவுப் பிழையா என்று நான் எழுதித் தர வேண்டும். அவள் மேசையைக் காலி செய்ய மச்சினனும் வந்தான்.

"அத்தான், அக்கா சொன்னது சரின்னு எழுதிடுங்க. அவ பேரு நிக்கட்டும்."

"பாக்கலாம்."

"இன்னும் என்ன பாக்கறது? உயிரோட இருந்தப்பதான் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்கல."

உண்மைதான்.

அவள் நோட்டைத் திறந்தேன். "பன்னிரண்டாம் தேதி: ஸ்டிரர் எடுக்கப்பட்டது." கலத்துக்குள் சுற்றித் தண்ணீரைக் கலக்குகிற சின்ன விசிறி அது. முந்தின நாள் சாப்பிடும்போது நான் சொன்னது ஞாபகம் வந்தது. "ஸ்டிரரே சூடு கொடுக்கும். அதைக் கழிச்சியா? மாப்பிள்ளைக்கு முதுகைத் தேய்ச்சு விட்டுட்டு உடம்பு சுடுதுங்கறே."

அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் எடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் மாப்பிள்ளைக்கு நிஜமான காய்ச்சல். இருக்க வேண்டியதைவிட அரை டிகிரி அதிகம்.

கடைசிப் பக்கம் அவள் இறந்த நாளுடையது. மாலை 4:10.

"கீழேயும் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். மேலே அரை டிகிரி அதிகம், கீழே அரை டிகிரி குறைவு. ஸ்டிரர் இல்லாமல் தண்ணீர் கலக்கவே இல்லை. அதிக வெப்பம் எதுவும் இல்லை. அவரிடம் உடனே சொல்லணும்."

என் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் கடைசியாக அழைத்தது 4:12. இருபது நொடி.

"ஏங்க, மாப்பிள்ளை விஷயம்..." என்றாள். "மறுபடி ஆரம்பிக்காதே தாயே, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன். ஐந்தரைக்கு, சாலையைக் கடக்கும்போது, லாரி.

சண்டை போடத்தான் கூப்பிட்டாள் என்று இரண்டு மாதமாக நினைத்திருந்தேன்.

நோட்டை மச்சினனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான்.

"அப்போ ஒண்ணுமே இல்லையா?"

"வெப்பம் இல்ல."

"எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வெச்சிருக்கேன், அத்தான்."

"இதையும் சொல்லு. அவளேதான் கண்டுபிடிச்சா."

அவன் நோட்டை மூடவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

எழுதினேன். அளவுப் பிழை. காரணம், ஸ்டிரரை எடுத்தது. எடுக்க வைத்தது நான். பிழையைக் கண்டுபிடித்தது அவள். தேதி, மணி.

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "பிழைக்குக் காரணம்னு உங்க பேரு எதுக்குங்க? நீங்க இந்தக் குழுவிலேயே இல்லையே."

"இருக்கட்டும் சார்."

"நாலு பத்துன்னு நேரம்கூட போடணுமா? அறிக்கையில அதெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"அது இருந்தே ஆகணும் சார்."