முந்தலைத் தாண்டாத ஜீப்பு

ராசிங்காபுரம் கோட்டைச்சாமியின் மகள் கார்த்திகா உட்கார்ந்திருந்தால் ஜீப்பு மலை ஏறாது. போடியிலிருந்து முந்தல் சோதனைச் சாவடி வரை சாதாரணமாக ஓடும். முதல் வளைவில் மூக்கைத் தூக்கியதும் நின்றுவிடும். அவள் இறங்கினால் கிளம்பும். ஏறினால் நிற்கும். ஏலக்காய் விலை நன்றாக இருந்த ஆண்டு அது. ஆனி மாதம், தோட்டங்களில் முதல் பறிப்பு தொடங்கியிருந்தது.

மலையில் தோட்டம் வைத்திருக்கும் அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்துக்கு முன் பெண் மாப்பிள்ளையின் தோட்டத்துக்குப் போய், தன் கையால் ஒரு பிடி பச்சை ஏலக்காய் பறித்து மாமியார் மடியில் போடவேண்டும். போட்டால் பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை பிரதீப், கோட்டைச்சாமியின் அக்கா மகன். பூப்பாறைக்குப் பக்கத்தில் தோட்டம். முந்தின மழைக்காலத்தில் அவன் மனைவி நிலா காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பின் யார் எது கேட்டாலும் அவன் சரி என்று சொன்னான். செடிக்கு மருந்தடிக்கலாமா என்றாலும் சரி. மறுகல்யாணம் என்றாலும் சரி. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்தார்கள்.

கார்த்திகாவுக்குத் தேனியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துப் பழைய கணினியில் அவள் ஒரு நிரல் எழுதியிருந்தாள். எந்தத் தெருவுக்கு எப்போது குழாயில் தண்ணீர் வரும் என்று அது சொல்லும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. அம்மா அன்னக்கொடி அதைக் கேட்டுத்தான் குடத்தை எடுப்பாள். கோட்டைச்சாமியும் அதை மெச்சினார். "தண்ணி எப்ப வரும்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அது போதும். பொம்பளப் பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன கம்ப்யூட்டரு?" என்றார். புதன்கிழமை மலைக்குப் போவதாக முடிவானது.

புதன்கிழமை ஜீப்பு நின்றது. ஓட்டியவர் வெள்ளைத்துரை, இருபது வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுபவர். லோடு அதிகம் என்றார். வாழைத்தாரை இறக்கினார்கள், வெல்லச் சிப்பத்தை இறக்கினார்கள், கடைசியில் கோட்டைச்சாமியும் இறங்கினார். நகரவில்லை. வேறு ஜீப்பு வந்தது. அதுவும் நின்றது. மூணாறு பஸ்சில் ஏற்றிப் பார்த்தார்கள். பஸ்சு நின்றதும் உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நடந்தே போகலாம் என்று கார்த்திகா இறங்கினாள். மேட்டில் கால் வைத்த இடத்தில் தார் அமுங்கியது. வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அன்னக்கொடியின் தம்பி திருப்பதி போடியில் ஏலக்காய் வியாபாரி. அவர் அவளைக் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். நாற்பத்தாறு கிலோ. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரம்" என்றார். காயில் ஈரம் இருந்தால் எடை ஏமாற்றும், மலைக்காற்று பட்டால் இன்னும் இழுக்கும் என்று விளக்கினார். வியாழக்கிழமை முழுக்க அவளை மொட்டைமாடியில் வெயிலில் காய வைத்தார்கள். மதியத்துக்கு மேல் திருப்பதி அவளைப் பாய் மாற்றி மறுபக்கம் உட்காரச் சொன்னார். கார்த்திகா தண்ணீர் நிரலில் கீழத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த பிழையை மனசுக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினாள். சாயங்காலம் நிறுத்தார்கள். நாற்பத்தாறு கிலோதான்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைத்துரையின் ஜீப்பிலேயே மறுபடி போனார்கள். அதே வளைவு. பின்னால் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்புகள் வரிசையாக நின்றன. முதல் ஜீப்பிலிருந்து செல்லத்தாய் இறங்கி வந்தாள்.

"நாங்க இத்தன பேரு அடைஞ்சு போற ஜீப்பே ஏறுது, இந்தக் குச்சிப் பிள்ளைக்கா நிக்குது? என்ன அண்ணே, பிள்ளைக்குக் கல்லையா ஆக்கிப் போட்டீங்க?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். ஜீப்பு அசையவில்லை. ஒருத்தி, அரைநாள் கூலி போய்விடும் என்றாள். செல்லத்தாய் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"ஆத்தா, உனக்கு எங்க போகணும்? வெரசாச் சொல்லு, எங்களுக்குச் சோலி கெடக்கு."

"தேனிக்கு" என்றாள் கார்த்திகா. "கம்ப்யூட்டர் படிக்க. இன்னைக்குத்தான் கடைசி நாளு." பிறகு அப்பாவைப் பார்த்து, "நான் மலைக்கு வரலப்பா" என்றாள். வீட்டில் அவள் இதை இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

மேலே காத்திருந்த பிரதீப், பாதை அடைத்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு பைக்கில் இறங்கி வந்திருந்தான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல அப்படி என்ன இருக்கு?" என்று அவளிடம் கேட்டான்.

"நாம சொல்றத அது அப்படியே செய்யும் மச்சான். தப்பாச் சொன்னாத் தப்பாவே செய்யும். எங்க தப்புன்னு பார்த்துத் திருத்திட்டு மறுபடி ஓட்டலாம்."

மறுபடி ஓட்டலாம் என்பதைப் பிரதீப் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தான். முந்தின மழைக்காலத்தில் அவனால் எதையும் மறுபடி ஓட்ட முடியவில்லை. கோட்டைச்சாமியிடம், "மாமா, எனக்குக் கல்யாணம் வேண்டாம். அது படிக்கட்டும்" என்றான். பல மாதங்களில் அவன் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அது. சொன்னதும் அவனுக்குப் பசித்தது. செல்லத்தாயின் தூக்குவாளியிலிருந்து இரண்டு இட்லி வாங்கித் தின்றான்.

கோட்டைச்சாமி வரிசையாக நின்ற ஜீப்புகளைப் பார்த்தார். ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த ஏதோ இறங்கியது மாதிரிதான் இருந்தது. "திருப்புய்யா" என்றார்.

வெள்ளைத்துரை வண்டியைத் திருப்பினார். சாவி போடாமலேயே ஜீப்பு உருண்டது. இறக்கத்தில் உருள்வது இயல்பு. ஆனால் போடி தாண்டிச் சமதரையிலும் அது நிற்கவில்லை. தேனி வரை ஒரு சொட்டு டீசல் செலவாகவில்லை. பிரேக்கை மிதித்துக் கால்தான் வலித்தது என்றார். கல்லூரி வாசலில் கார்த்திகா இறங்கிய பிறகுதான் ஜீப்புக்கு எடை திரும்பியது. மதியத்துக்குள் அவள் சேர்ந்துவிட்டாள். அன்று முழுநாள் கூலி எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. பிரதீப் அன்று சாயங்காலமே படுத்துத் தூங்கி மறுநாள் வெயில் வந்த பிறகு எழுந்தான்.

திருப்பதி மட்டும் ஈரம்தான் என்று இன்னும் சொல்கிறார். ஜீப்பு ஓட்டுநர்கள் அதில் தலையிடுவதில்லை. பெண்பிள்ளையோடு யாராவது மலைக்குச் சவாரி கேட்டால், "பாப்பா என்ன படிக்கப் போவுது?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த ஆனியில் பொட்டிபுரம் கண்ணுச்சாமி தன் மகள் சந்திரவல்லியோடு மாப்பிள்ளை தோட்டத்துக்கு என்று ஏறினார். முந்தலில் ஜீப்பு நின்றது. யாரும் பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணுச்சாமி மகளை இறக்கிக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய், தேனி பஸ்சுக்குக் கை காட்டினார்.